மூன்று தடவை கேட்கணும்

எங்கள் அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் வந்தால் காபி அறை மேசையில் ஒரு ட்ரே சாக்லேட் கேக் வந்து உட்காரும். மதியத்துக்குள் ஒரே ஒரு துண்டு மிஞ்சும். அந்தக் கடைசித் துண்டை யாரும் முழுசாக எடுக்க மாட்டோம். ஒருத்தர் வந்து கத்தியால் பாதி வெட்டி எடுத்துக்கொள்வார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. சாயங்காலம் போய்ப் பார்த்தால் விரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு ட்ரேயின் மூலையில் கிடக்கும். அதையும் யாரோ ஒரு புண்ணியவான் இரண்டாக வெட்டி வைத்திருப்பார். அமெரிக்காவின் வடகோடியில், இந்த மினசோட்டாவில் பிறந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. எனக்கு இந்த ஊரில் பல பெயர்கள் உண்டு. ஆனால் கடைசித் துண்டைத் தின்றவள் என்ற பெயர் மட்டும் இதுவரை வந்ததில்லை.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது. யார் எதைக் கொடுத்தாலும் உடனே வாங்கிக்கொள்ளக் கூடாது. காபி வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று இழுக்க வேண்டும். மூன்றாவது தடவை கேட்டால்தான், "சரி, ஏற்கெனவே போட்டு வெச்சிருக்கீங்கன்னா ஒரு அரை கப்" என்று சொல்லலாம். கேட்பவருக்கும் இது தெரியும், மறுப்பவருக்கும் தெரியும். இது தெரியாத ஒருத்தி எங்கள் ஊருக்கு வந்தாள். அதனால் என் சிநேகிதி சோல்வேயின் பிழைப்பே கவிழப் பார்த்தது.

சோல்வேயும் நானும் ஒரே மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசை. எங்கள் ஊர் லண்ட் ஃபால்ஸிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு போக முக்கால் மணி நேரம். என் காரில்தான் போவோம். அவள் வேலை, மறுப்புக் கடிதம் எழுதுவது. நீங்கள் கேட்ட சிகிச்சைக்குப் பணம் தர இயலாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். இருபது வருஷமாக ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்கு வருத்தத்துடன் தெரிவித்துக்கொண்டே இருந்தாள். நானும் ஏறக்குறைய அதே வேலைதான் பார்க்கிறேன். ஆனால் எனக்கு அலுவலகக் கதவு மூடினால் மனசும் மூடிவிடும். அவளுக்கு மூடாது.

"இன்னிக்கு ஒரு அம்மா, ரோண்டா. முட்டிக்கு ஆபரேஷன் கேட்டிருந்தாங்க. பேரப்புள்ளைய தூக்கணுமாம். அதையும் எழுதியிருந்தாங்க, பாவம்."

"நீயா முடியாதுன்ன? கம்பெனி சொல்லுது. நீ டைப் அடிக்கிற, அவ்வளவுதான்."

"கீழ என் பேருதானடி இருக்கு."

நான் வண்டியை ஓட்டினேன்.

வேறு வேலை தேடாமலும் இல்லை. இணையத்தில் எந்தத் தொழில் உனக்குப் பொருத்தம் என்று ஒரு தேர்வு எழுதினாள். வனக்காவலர் என்று வந்தது. கொசு கடித்தால் கை வீங்கிவிடும் இவளுக்கு. வீடு விற்கும் தரகு வேலைக்குப் படித்து உரிமம்கூட வாங்கினாள். முதல் வீட்டைக் காட்டப் போன இடத்தில் கூரை ஒழுகுகிறது, அடித்தளத்தில் ஈரம் இருக்கிறது என்று அவளே வாங்க வந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்தாள். பல் மருத்துவ உதவியாளர் வகுப்பில் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தாள். நாய்களுக்கு முடிவெட்டும் கடையில் ஒரு சனிக்கிழமை நின்றதில் கையில் தையல் போட்டதுதான் மிச்சம். நான் ஒவ்வொன்றுக்கும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவளும் சிரிப்பாள். ஆனால் சிரித்து முடித்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். அப்போது எனக்கு என் சிரிப்பே பிடிக்காது.

எங்கள் ஊரில் ஒரு சின்ன வானொலி நிலையம் இருக்கிறது. அதில் "வாங்கலாம் விற்கலாம்" என்று ஒரு காலை நிகழ்ச்சி. பனி அள்ளும் பழைய மெஷின் விற்கிறவர்கள், நாயைத் தொலைத்தவர்கள், பூனைக்குட்டி கொடுக்கிறவர்கள் எல்லோரும் கூப்பிடுவார்கள். மெர்ல் என்ற கிழவர் நடத்திக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்தில் தேவாலய வாசலில் பனிக்கட்டியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டார். நிலையத்தின் முதலாளி எங்கள் ஊர்க்காரர். சனிக்கிழமை மட்டும் வந்து பார்த்துக்கொள்கிறாயா என்று சோல்வேயிடம் கேட்டார். ஐயோ, எனக்கு என்ன தெரியும் என்றாள். மறுபடி கேட்டார். வேறு யாராவது நன்றாகப் பேசுவார்கள் என்றாள். மூன்றாவது தடவை கேட்டார். மெர்ல் எழுந்து நடக்கும்வரை என்றால் சரி என்றாள். எல்லாம் முறைப்படி நடந்தது.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றை நான் மறக்க மாட்டேன். வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். எல்டன் என்று ஒரு பெரியவர் கூப்பிட்டார். தையல் மெஷின் ஒன்று விற்க வேண்டும் என்றார். மெர்லாக இருந்தால் என்ன விலை, போன் நம்பர் என்ன, அடுத்த ஆள் என்று போயிருப்பார்.

"யாரோட மெஷின் எல்டன்?" என்று சோல்வே கேட்டாள்.

"என் சம்சாரத்தோடது. அவ இப்ப இல்ல."

"என்ன தைப்பாங்க?"

பெரியவர் பேச ஆரம்பித்தார். மகள்களின் கல்யாண கவுன், பள்ளிக்கூட நாடகத்துக்கு ஆட்டுக்குட்டி வேஷம், இவருடைய கால்சட்டை எல்லாவற்றுக்கும் உள்பாக்கெட். ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. விளம்பரம் போட வேண்டிய நேரம் தாண்டிப் போயிற்று. கடைசியில் அவர், "விக்கலாமா வேண்டாமான்னு இப்ப தெரியலம்மா" என்றார். "அப்ப விக்காதீங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்றாள் சோல்வே. அதற்குப் பிறகு கூப்பிட்ட பெண்களில் யாருக்கும் மெஷின் வேண்டாம். எல்டன் வீடு எங்கே, அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்றுதான் கேட்டார்கள்.

திங்கட்கிழமை காரில் ஏறியதும் சோல்வே சொன்னாள்: "யாருக்கும் முடியாதுன்னு சொல்லாம ஒரு காலைப்பொழுது முழுக்க ஓடுச்சுடி. எனக்கு இதுதான் வேணும். இத்தனை நாளா எதைத் தேடுறேன்னே தெரியாம தேடிட்டிருந்தேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். இருபது வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற முகம். அதற்குள் இப்படி ஒரு முகம் இருந்தது எனக்குத் தெரியாது.

மெர்ல் இனி வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். அதே சமயம் முதலாளி நிலையத்தை விற்றுவிட்டு அரிசோனாவுக்கு வெயில் காயப் போய்விட்டார். வாங்கியவர்கள் டேனா ஃபெரான்டே என்ற பெண்ணை மேனேஜராக அனுப்பினார்கள். நியூ ஜெர்சிக்காரி. விறுவிறுவென்று நடப்பாள், விறுவிறுவென்று பேசுவாள். நல்ல பெண்தான். அவளை வரவேற்க நிலையத்தில் காபி, கேக் எல்லாம் வைத்திருந்தோம். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, ட்ரேயில் ஒரு துண்டு இருந்தது. "இது யாருக்கும் வேண்டாமா?" என்று கேட்டாள் டேனா. யாரும் பதில் சொல்லவில்லை. எடுத்து முழுசாக வாயில் போட்டுக்கொண்டாள். ஒருத்தர் கையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன், வீட்டுக்குப் போய் என் புருஷனிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அதிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியதைப் புரிந்துகொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வரும் வழியில் கொஞ்சம் நிலையத்துக்கு வந்துவிட்டுப் போக முடியுமா என்று டேனா சோல்வேயைக் கூப்பிட்டாள். நான் இன்ஜினை ஓடவிட்டுக் காரில் காத்திருந்தேன். சோல்வே வெளியே வந்தபோது பனியில் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தாள். கதவைத் திறந்து உள்ளே விழுந்தாள்.

"கேட்டுட்டாங்கடி! தினம் காலையில, முழு நேர வேலை. வாங்கலாம் விற்கலாம் நீங்கதான் நடத்தணும்னு கேட்டாங்க!"

"ஐயோ, சோல்வே! நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னு சொன்னேன்."

"சரி, அப்புறம்?"

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களான்னு கேட்டாங்க. என்னைவிட நல்லா நடத்துறவங்க கிடைப்பாங்கன்னு சொன்னேன். வெளிப்படையா சொன்னதுக்கு ரொம்ப நன்றின்னு கை குலுக்குனாங்க."

"அப்ப ரெண்டு ஆயிடுச்சு," என்றேன் நான்.

"ரெண்டு ஆயிடுச்சு," என்றாள் அவள்.

இதை இப்போது எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் அதில் ஒரு தவறும் தெரியவில்லை. நேராகச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் ஆப்பிள் பை சாப்பிட்டுக் கொண்டாடினோம். மூன்றாவது தடவை கேட்டதும் என்ன சொல்வது என்று அங்கேயே ஒத்திகை பார்த்தாள். "உங்களுக்கு வேற யாரும் கிடைக்கலன்னா, நான் வேணா முயற்சி பண்றேன்." நன்றாக இருக்கிறது, ஆனால் கொஞ்சம் அதிகமாக ஆசைப்படுகிற மாதிரி தெரிகிறது என்று நான் திருத்தம்கூடச் சொன்னேன்.

திங்கள் போயிற்று. டேனா கூப்பிடவில்லை. மறுநாள் சோல்வே பிஸ்கட் சுட்டு எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போனாள். கேட்பதற்கு ஒரு வாய்ப்பு கொடுக்கத்தான்.

"என்ன சொன்னா?" என்று காரில் கேட்டேன்.

"நன்றின்னா. தட்டோட வாங்கிக்கிட்டா."

"முதல் தடவையேவா?"

"முதல் தடவையே."

நாங்கள் இருவரும் முன்னால் தெரிந்த ரோட்டைப் பார்த்தோம். அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை இருட்டு இன்னும் விலகவில்லை. காரில் ஹீட்டர் சூடாகிக்கொண்டிருந்தது. வானொலியில் டேனாவின் குரல் வந்தது. வரும் திங்கள் முதல் வாங்கலாம் விற்கலாம் நிகழ்ச்சியை ஃபார்கோவிலிருந்து வரும் ட்ரெவர் கிளைன் நடத்துவார், அன்போடு வரவேற்போம் என்றாள். பின்னாலேயே ஒரு டயர் கடை விளம்பரம் வந்தது.

சோல்வே கையுறையைக் கழற்றினாள், திரும்பப் போட்டுக்கொண்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அவங்களுக்கு என்னைப் பிடிக்கலபோல," என்றாள். "பரவாயில்ல. எங்கிட்ட கேட்டதே பெரிசு. நமக்கு இந்த ஆபீஸ்தான்."

பரவாயில்லை என்ற அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்து அவளைத் திட்டப் போனேன். அப்போதுதான் அந்தக் கேக் ஞாபகம் வந்தது.

"சோல்வே! அவ கடைசித் துண்டை முழுசா தின்னாடி!"

"எதை?"

"கேக்கை! கத்தியே எடுக்கல, அப்படியே வாயில போட்டா. பிஸ்கட்ட தட்டோட வாங்குனா. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுடி. நீ வேண்டாம்னு சொன்னதை, வேண்டாம்னே எடுத்துக்கிட்டா!"

சோல்வே என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது? தமாஷ் இல்லை அது. தன் கையாலேயே தன் வீட்டைப் பூட்டிச் சாவியை ஏரியில் போட்டவள் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அடுத்த வளைவில் காரைத் திருப்பினேன். பின்சக்கரம் பனியில் ஒரு ஆட்டம் ஆடியது.

"எங்க போற? ஆபீஸ் அந்தப் பக்கம்."

"தெரியும்."

"வேண்டாம் ரோண்டா. அவங்க ஆள் போட்டுட்டாங்க. இப்ப போய் நின்னா அவங்களுக்கு சங்கடம்."

"சங்கடப்படட்டும். உனக்கே முட்டி வலிச்சாலும், ஆபரேஷனுக்குப் பணம் கிடையாதுன்னு உனக்கு நீயே வருத்தத்துடன் தெரிவிச்சுக்குவ! உனக்கு நீயே எத்தனை லெட்டர்டி எழுதுவ?"

அது கொஞ்சம் அதிகம்தான். அவள் அழுதுவிட்டாள். ஆனால் காரை நிறுத்து என்று சொல்லவில்லை.

டேனா மேசையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, சோல்வேயின் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். சோல்வே கழுத்துத் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் ஆரம்பித்தேன்.

"அவளுக்கு அந்த வேலை வேணும்."

டேனாவுக்குப் புரியவில்லை. "ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே?"

"சொன்னேன்," என்றாள் சோல்வே.

"நான் திரும்பவும் கேட்டேனே? ரெண்டு தடவை கேட்டேன்."

"மூணு தடவை கேட்கணும்," என்றேன்.

டேனா ஒரு பைத்தியத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். நான் அவளுக்கு விளக்கிச் சொன்னேன். காபி, கேக், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. டேனா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப நான் வந்த நாள்ல இருந்து இந்த ஊர்ல எத்தனை பேர் கையில இருந்து எதையெல்லாம் பிடுங்கித் தின்னிருக்கேன்? கடவுளே! சோல்வே, சத்தியமா சொல்றேன், நான் முதல்ல கேட்டது உங்களைத்தான். ட்ரெவர் உடனே சரின்னுட்டார். கையெழுத்து ஆயிடுச்சு. அதை நான் மாத்த முடியாது."

"புரியுது," என்றாள் சோல்வே. புரியுது என்று சொல்வதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

டேனா யோசித்தாள். "காலையில அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் இப்ப வெறும் பதிவு பண்ண பாட்டுதான் ஓடுது. அங்க ஒரு ஆள் பேசணும்னு எனக்கு ஆசை. பாதி நேர வேலை, பாதி சம்பளம். மருத்துவக் காப்பீடு தர முடியாது. யாராவது கேப்பாங்களா, கூப்பிடுவாங்களா, தெரியாது." அவள் விரலை உயர்த்தினாள். "ஒரே ஒரு தடவைதான் கேப்பேன். வேணுமா?"

சோல்வேயின் வாய் திறந்தது. "ஐயோ, அதுக்கு என்னைவிட…"

அவளே நிறுத்திக்கொண்டாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வானிலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். சோல்வேயின் கழுத்திலிருந்து முகம் வரைக்கும் சிவந்தது. நாற்பத்தைந்து வயசில், ஒரு மேசைக்கு முன்னால், முதல் தடவையாக ஒன்றைக் கேட்பது அவளுக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

"வேணும்," என்றாள். பிறகு குரல் கொஞ்சம் பலமாக வந்தது. "எனக்கு வேணும். அந்த வாங்கலாம் விற்கலாமும் எனக்கு வேணும்னுதான் இருந்தது. அது போயிடுச்சு. அது போனது எனக்கு ரொம்ப வலிக்குது. அதையும் நீங்க தெரிஞ்சுக்கணும்."

டேனா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். எங்கள் ஊரில் அதுவும் பழக்கமில்லை. சோல்வே விறைப்பாக நின்றாள், பிறகு அவளும் கட்டிக்கொண்டாள்.

சோல்வேயின் புருஷன் லைல் கவுண்டி நிர்வாகத்தின் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறவர். பேசுவது அபூர்வம். "நானும் நாலு மணிக்குத்தான எந்திரிக்கிறேன். காபி ஒண்ணாப் போட்டுக்கலாம்" என்றாராம். மருத்துவக் காப்பீட்டு அலுவலகத்தை விட்டுவிட்டு மருத்துவக் காப்பீடே இல்லாத வேலைக்குப் போகிறாயே என்று கேட்டேன். லைலின் திட்டத்தில் சேர்ந்துகொள்வேன், அது மட்டமான திட்டம்தான் என்றாள் சிரித்துக்கொண்டே.

அவளுடைய கடைசி நாளில் காபி அறைக்குக் கேக் வந்தது. மதியம் ஒரு துண்டு மிஞ்சியது. எங்கள் சூப்பர்வைசர் கர்ட்டிஸ் கத்தியோடு வந்தார். சோல்வே அவரைத் தாண்டிக் கையை நீட்டி, அந்தத் துண்டை எடுத்து, அங்கேயே நின்று முழுசாகத் தின்றாள். விரலைக்கூட நக்கினாள். கர்ட்டிஸ் கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் எனக்குள் பொறாமையாக இருந்தது. வேலை என்றால் வேலை, அதில் என்ன மனசு வேண்டிக்கிடக்கிறது என்று இருபது வருஷமாக அவளிடம் சொன்னவள் நான். அவள் போனபிறகு அதை யாரிடம் சொல்வது?

திங்கட்கிழமை தனியாகக் கிளம்பினேன். வெளியே மூச்சு விட்டால் உறைந்துவிடும் குளிர். பக்கத்து சீட்டில் என் சாப்பாட்டுப் பை மட்டும் உட்கார்ந்திருந்தது. வானொலியைப் போட்டதும் அவள் குரல் வந்தது. எந்தெந்தப் பள்ளிக்கூடம் தாமதமாகத் திறக்கும், ஏரியில் பனி எந்தப் பக்கம் மெலிசு, எல்லாம் சொன்னாள். பிறகு, யாருக்காவது ஏதாவது கொடுக்க இருந்தால், வேண்டியிருந்தால் கூப்பிடுங்கள் என்றாள். யாரும் கூப்பிடவில்லை. பாட்டுப் போட்டாள். மறுபடி சொன்னாள். மறுபடியும் யாரும் இல்லை. அவள் குரல் கொஞ்சம் மெலிந்தது எனக்குத் தெரிந்தது. இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட குரலாயிற்றே.

காரை ஓரம் கட்டினேன். விளக்கைப் போட்டுக்கொண்டு போனை எடுத்தேன்.

"வணக்கம், லண்ட் ஃபால்ஸ் வானொலி. யாரு பேசுறது?"

"ரோண்டா."

"சொல்லு ரோண்டா. என்ன விக்கப் போற?"

"விக்கல. கொடுக்கப் போறேன். தினம் காலையில டவுனுக்குப் போற காருல ஒரு சீட்டு காலியா இருக்கு. ஹீட்டர் நல்லா வேலை செய்யும். டிரைவர் கொஞ்சம் வாயாடி. யாருக்காவது வேணுமான்னு கேளு."

அவள் உடனே பதில் சொல்லவில்லை. வானொலியில் மௌனமாக இருக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகு அவள் குரல் ஊர் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"நல்ல சீட்டு. எனக்குத் தெரியும். கேக்குறவங்க யாருக்காவது வேணும்னா உடனே கூப்பிடுங்க. வேண்டாம்னு சொல்லிட்டு நிக்காதீங்க. நான் ஒரு தடவைதான் கேப்பேன்."